பூ வெட்டிய தட்டு

எண்ணிக்கொள்ளுங்கள் அம்மா. நான் சொல்கிறேன் என்று அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். இருந்தாலும் நீங்களும் ஒரு தரம் எண்ணிவிட்டால் நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் பேச்சு இருக்காது. சோற்று அண்டா இரண்டு. சாம்பார் அண்டா ஒன்று, அதன் ஒரு காது ஆடும், துணியைச் சுற்றித்தான் இறக்க வேண்டும். கரண்டி நான்கு. தட்டு தொண்ணூற்று இரண்டு. முட்டை அட்டையை மேல் பலகையில் வையுங்கள், கீழே வைத்தால் எலி உருட்டிக்கொண்டு போய்விடும். சாவி இது.

தட்டை ஏன் இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். கலந்து வைக்கத்தான் உத்தரவு. காலையில்கூடக் கலந்துதான் வைத்தேன். கழுவி அடுக்கும்போது கை தானாகப் பிரித்துவிடுகிறது. நீங்கள் கலந்துவிடுங்கள்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறீர்கள் என்று டீச்சர் சொன்னார். அங்கே எந்தத் தெரு நீங்கள்? சரி, இருக்கட்டும். சும்மாதான் கேட்டேன்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. விசாரணைக்கு அதிகாரி வந்து, "சொல்லுங்கம்மா, உங்க தரப்ப சொல்லுங்க" என்று நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த படங்களை எண்ணிக்கொண்டே நின்றேன். ஊரில் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள், நான்தான் இன்னும் பேசவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அடுப்பில் நிற்கிறவளுக்குத்தான் அடுப்பில் நிற்கிறவள் சொல்வது புரியும்.

வேலையை விட்டு நிறுத்தியதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற ஒரு பொங்கல்தான் பாக்கி. மாலை போட்டு, ஒரு புடவை கொடுத்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கும்பிட வைத்து அனுப்புவார்கள் என்று இருந்தேன். அது போகட்டும். எனக்கு ஆறாதது சிம்லா.

ஊர்ப் பெயர் இல்லை, பிள்ளையின் பெயர். ஏரிக்கரைக் காலனியில் நரிக்குறவர் சனம் இருக்கிறதே, அங்கே நதியா என்று ஒருத்தி, அவள் மகள். பிள்ளை பிறந்தபோது அப்பன்காரன் பாசிமணி விற்க அந்தக் குளிர் ஊருக்குப் போயிருந்தானாம். திரும்பி வந்து அந்தப் பெயரையே வைத்துவிட்டான். ஐந்தாவது படிக்கிறாள். படித்தாள் என்று சொல்ல வேண்டும். இப்போது வருவதில்லை. தாயோடு பேருந்து நிலையத்தில் மணி விற்கிறாள். நான் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்த பிள்ளை. என்னால்தான் நின்றுவிட்டது என்கிறார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு யாரால் என்று நீங்கள் சொல்லுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். பெரிய தெருவில் பாதிப் பேர் வேன் வருகிற பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்னும் குறைந்தால் ஒரு டீச்சரைத் தூக்கி வேறு ஊருக்குப் போட்டுவிடுவார்கள். சுகந்தி டீச்சர், தலைமை ஆசிரியை, அவர்தான் ஒருநாள் அடுப்படிக்கு வந்து நின்றார். அடுப்படிக்கு வரவே மாட்டார், கண் எரியும் என்பார்.

"தனபாக்கியம்மா, காலனிப் புள்ளைங்க பதினாலு பேர் சும்மா சுத்துதுங்களாம். நான் போனா நம்ப மாட்டாங்க. நீங்க போய்ப் பேசிப் பாருங்களேன்."

எனக்குக் கூச்சம். முன்பின் தெரியாத இடத்தில் போய் நான் என்ன பேசுவேன். இருந்தாலும் டீச்சர் கேட்டுவிட்டாரே என்று போனேன். தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். மணி கோத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நதியா எழுந்து வந்தாள்.

"என்ன சாமி, ஊசி வேணுமா, பாசி வேணுமா?"

"ஒண்ணும் வேணாம். புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பச் சொல்லிக் கேக்க வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். "நானும் ஸ்கூலுக்குப் போனவதான் சாமி. ரெண்டாங்கிளாஸ் வரைக்கும். செவுத்தோரமா தனியா உக்கார வெச்சாங்க. பக்கத்துல குந்துன புள்ளைய அவங்க அம்மா வந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போச்சு. அப்புறம் நானே போகல. இப்ப எம் பொண்ணையும் செவுத்தோரமா உக்கார வெக்கவா?"

"அது அந்தக் காலம். இப்ப அதெல்லாம் இல்ல. எல்லாரையும் ஒண்ணாத்தான் பாத்துக்குவோம். நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கீங்க, சரி. சத்தியம் பண்ணுங்க."

கையை நீட்டிவிட்டாள். உள்ளங்கையை விரித்து, அடித்துச் சத்தியம் பண்ணு என்று. நான் என் கையை எடுத்து என் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன். சத்தியம் எங்கே வைத்துப் பண்ணினால் என்ன, சத்தியம்தானே. தன் தலையில் கை வைப்பது இன்னும் பெரிய சத்தியம் என்றுகூடச் சொல்லலாம். அவள் நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு சேலையில் துடைத்துக்கொண்டு, "சரி ஆயா" என்றாள். அன்றைக்குத்தான் சாமி போய் ஆயா வந்தது.

மறுவாரமே பதினான்கு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். டீச்சர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அரசாங்கத்தில் யூனிஃபார்ம் வாங்கிக் கொடுத்தார், புத்தகம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? பெரிய தெரு கோதண்டம், பால் சொசைட்டியில் இருக்கிறார், அவர் வீட்டம்மா முதல் ஆளாக வந்து நின்றாள். "எங்க புள்ளைங்க பக்கத்துல அதுங்கள உக்கார வெச்சா நாங்களும் டீசி வாங்கிட்டுப் போயிடுவோம்" என்றாள். டீச்சர் யாரிடமும் முகம் கோணப் பேச மாட்டார். "அப்படியெல்லாம் விட மாட்டேங்க" என்று அந்தம்மாவிடம் சொன்னார். நதியாவிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அப்புறம்தான் வராந்தாவில் தனி வகுப்பு வந்தது. இந்த அடுப்படிக்கு எதிர் வராந்தா. புதிதாக வருகிறவர்கள், பாடம் பிந்தியிருக்கும், கொஞ்ச நாள் தனியாகச் சொல்லிக் கொடுத்துத் தேற்றிவிட்டு உள்ளே சேர்ப்போம் என்று டீச்சர் சொன்னார். நல்ல இடம் அம்மா அது. காற்று வரும். மழை பெய்தால்தான் சாரல் அடிக்கும். மூன்று வருஷமாகத் தேற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். சிம்லா முதல் மாசத்திலேயே தேறிவிட்டாள், அது வேறு விஷயம். அவளை மட்டும் உள்ளே அனுப்பினால் மற்ற பிள்ளைகள் ஏங்கிப்போகும் இல்லையா?

காலையில் வந்ததும் குழாயடியில் நிறுத்திக் கை கால் முகம் கழுவ வைப்பேன். சோப்பு என் வீட்டுச் சோப்பு. தலை சிக்குப் பிடித்திருந்தால் எண்ணெய் வைத்து நானே ஒரு பெரிய சீப்பால் வாரிவிடுவேன். அந்தச் சீப்பையும் தனியாகத்தான் வாங்கி வைத்திருந்தேன். இப்போது அதையும் குற்றமாக எழுதியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகளை ஏன் கழுவ வைக்கவில்லை என்று அதிகாரி கேட்கிறார். மற்ற பிள்ளைகளை வீட்டிலேயே குளிப்பாட்டி அனுப்புகிறார்களே ஐயா என்று சொல்ல நினைத்தேன். படங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனி தட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கோதண்டம் வீட்டம்மா மறுபடியும் வந்தாள். உட்காருவது தனி, சரி, தட்டு எல்லாம் ஒன்றாகத்தானே கழுவுகிறீர்கள், எது யார் தின்ற தட்டு என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார். "பாத்துச் செய்யுங்க தனபாக்கியம்மா" என்றார். அவ்வளவுதான். டீச்சர் எதையும் இதைச் செய் என்று சொல்ல மாட்டார். பாத்துச் செய்யுங்க என்பார். அதைக் கேட்டு நாம் பார்த்துச் செய்துவிட வேண்டும். அவர் இங்கே வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

காலனிப் பிள்ளைகளுக்கென்று பதினான்கு தட்டுகளைத் தனியாகப் பிரித்தாயிற்று. ஆனால் எல்லாம் அரசாங்கத் தட்டு, ஒரே அச்சு. உதவிக்கு வருகிற பெண் கழுவும்போது கலந்துவிட்டால்? அடையாளம் வேண்டும். டீச்சர் பெயிண்டில் சிவப்புக் கோடு போடலாமே என்றார். எனக்கு மனசு வரவில்லை. சிவப்புக் கோடு போட்டால் பார்த்த உடனே தெரியும். பிள்ளைகள் மனசு என்ன ஆகும்?

எனக்கு அது தெரியும் அம்மா. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீழத்தெருக்காரி பொங்குகிற சோற்றை எங்கள் பிள்ளைகள் தின்னாது என்று இதே பெரிய தெருவில் சொன்னார்கள். ஒரு வாரம் பொங்கின சோறு அப்படியே கிடந்தது. அப்போது இருந்த பெரிய வாத்தியார் நேராக வந்து பிள்ளைகள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "போடும்மா" என்றார். போட்டேன். நான் போட்ட வேகத்தில் சாம்பார் அவர் வேட்டியில் தெறித்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட இல்லை, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து ஒவ்வொருவராகச் சாப்பிட வந்தார்கள். அன்றைக்கு இந்த அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதனால் எனக்குத் தெரியும், ஒருத்தர் மனசு நோகாமல் எப்படி நடந்துகொள்வது என்று.

அதனால்தான் பூ.

பதினான்கு தட்டுகளையும் சாக்கில் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போனேன். பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அவரிடம் கொடுத்தேன். என்ன பெயர் வெட்ட வேண்டும் என்றார். பெயர் வேண்டாம், ஒவ்வொரு தட்டின் அடியிலும் சின்னதாக ஒரு பூ வெட்டுங்கள் என்றேன். புள்ளி புள்ளியாக, ஐந்து இதழ். அழகாக வெட்டிக் கொடுத்தார். கூலி என் கையிலிருந்துதான். தட்டில் சோறு போட்டுவிட்டால் பூ இருப்பதே தெரியாது. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். யாருக்கும் அவமானம் இல்லை, எனக்கும் கணக்குத் தப்பாது. இந்த அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறேன். இன்றைக்கு என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறார்கள்.

பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகள் எதைத்தான் திருப்பிப் பார்க்காது? சிம்லாதான் முதலில் ஓடி வந்தாள்.

"ஆயா, எங்க தட்டுல பூ இருக்குது. அவங்க தட்டுல இல்ல."

"ஆமா."

"எங்களுக்கு மட்டும் எதுக்கு?"

"நல்ல புள்ளைங்களுக்குப் பூத்தட்டு" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது. அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வராந்தா முழுக்க ஓடினாள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் பதினான்கும் தட்டை அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்ளும். சாம்பலைப் போட்டுப் பூவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கும். எனக்கு வேலை மிச்சம்.

அதிலும் சிம்லாவுக்கு என் மேல் ஒட்டுதல். சாப்பாட்டு மணிக்கு முன்பே வந்து வாசற்படியில் நிற்பாள். உள்ளே வர மாட்டாள், நான் வரச் சொன்னதும் இல்லை. அங்கே நின்றே முட்டையை எண்ணுவாள். "ஆயா, இன்னிக்கு ஒண்ணு கம்மி" என்பாள். நான் எண்ணிப் பார்த்தால் ஒன்று கம்மியாகத்தான் இருக்கும். எண்ணிக்கையில் என்னைப் பிடிக்கிற ஆளை நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. பெரிய படிப்புக்குப் போவாள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். எட்டாவது வரைக்கும் இங்கே, அப்புறம் டவுனில் விடுதி, அங்கே யாரைப் பார்ப்பது என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன். பெற்றவள்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது அந்தப் பூதான். வேறு யாரும் இல்லை.

பூத்தட்டு பரிசு என்று காலனிப் பிள்ளைகள் பீற்றிக்கொண்டன. உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டது. கோதண்டத்தின் மகள் ஹர்ஷினி, அவளும் ஐந்தாவதுதான், என்னிடமே வந்து, "ஆயா, நான் நல்ல புள்ளதான, எனக்குப் பூத்தட்டு குடுங்க" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு அது வேணாம்" என்றேன். பிள்ளை அழுதுகொண்டே போனது. சிம்லா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரம். நான் இங்கே பரிமாறிக்கொண்டிருக்கிறேன். அங்கே தூணுக்குப் பின்னால் இரண்டு பேரும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். எனக்குத் தெரியாது. ஹர்ஷினி பூத்தட்டில் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இன்னைக்கு எனக்கும் பூத்தட்டு கெடச்சது, சிம்லா குடுத்தா என்று. அவள் அம்மாவுக்குப் பூ என்றால் என்ன என்று தெரியும். கேட்டு வாங்கினவளே அவள்தானே.

காலையில் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார்கள். கோதண்டம், அவர் வீட்டம்மா, பின்னால் பெரிய தெருவே வந்து நின்றது. அந்தம்மா நேராக வராந்தாவுக்குப் போனாள். "எவடி அவ, எம் பொண்ணுக்குத் தட்டு குடுத்தவ?"

சிம்லா எழுந்தாள். ஏதோ பாராட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே எழுந்தாள். "நான்தான். அவ ஆசப்பட்டா."

"ஆசப்பட்டாளா? நீங்க திங்கிற தட்டு எதுன்னு தெரியணும்னுதான் அந்தப் பூவே போட்டு வெச்சிருக்கு. அத எடுத்து எம் பொண்ணுக்குக் குடுப்பியா நீ?"

கை ஓங்கினாள், கோதண்டம் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. யாரும் அடிக்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

சிம்லா அழவில்லை. நேராக இங்கே வந்தாள். முதல் தடவையாக அடுப்படிக்கு உள்ளே வந்தாள். நான் தடுக்கவில்லை. இந்த அடுக்கிலிருந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தாள். பிறகு அந்த அடுக்கை எடுத்தாள், அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் ஜன்னலில் இருந்த என் தட்டை எடுத்துத் திருப்பினாள்.

"உங்க தட்டுல பூ இல்ல ஆயா."

அது என் வீட்டுத் தட்டு. "போ, போய் உக்காரு" என்றேன். போய்விட்டாள். வராந்தாவுக்கு இல்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

கூட்டம் கலையும்போது டீச்சர் வந்தார். எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்கிறார்: "தட்டுல யாருங்க பூ வெட்டச் சொன்னது?"

கேட்டீர்களா? யார் சொன்னது என்று கேட்கிறார். பாத்துச் செய்யுங்க என்று சொன்ன வாய்.

விசாரணையிலும் அதையேதான் சொன்னார். "எனக்குத் தெரியாது சார். சமையலர் தன் இஷ்டத்துக்குப் பண்ணிட்டாங்க. எனக்கும் அதிர்ச்சிதான்." இருபது வருஷமாக அவருக்கு டிபன் பாக்ஸ் கழுவிக் கொடுத்திருக்கிறேன். டீச்சரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன, மேலே பதில் சொல்ல வேண்டும். பெரிய இடத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் தப்பித்துக்கொள்வார்கள், அது எனக்குப் பழக்கம்தான். எனக்கு வலித்தது அது இல்லை.

நதியா காலனி சங்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்துவிட்டாள். அவள் கொடுத்ததில்தான் விசாரணையே வந்தது. போகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? ஆயா, என்ன நடந்தது என்று. நான் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினவள். அதைக்கூட நினைக்கவில்லை.

சரி, தாய்தான் அப்படி. பிள்ளை? அதிகாரி சிம்லாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார். நான் கதவோரம் நின்றேன். என்னைப் பார்த்தாளானால் ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லுவாள் என்று நினைத்தேன். ஆயாவுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் பூ கேட்டேன் என்று ஒரு சின்னப் பொய். அவளுக்காக நான் ஒரு பொய் சொல்லவில்லையா? நல்ல பிள்ளைகளுக்கு என்று சொன்னது பொய்தானே?

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். வராந்தா, சாரல், சோப்பு, சீப்பு. மத்தவங்களுக்குக் கரண்டியத் தட்டுல வெச்சுப் போடுவாங்க, எங்களுக்கு மேல தூக்கிப் போடுவாங்க. எங்களுக்கு முட்டைய உரிக்காமக் குடுப்பாங்க, அவங்களுக்கு உரிச்சுக் குடுப்பாங்க. ஒன்று விடாமல், வரிசை தப்பாமல் சொன்னாள். நானே கவனிக்காததை எல்லாம் அவள் கவனித்து வைத்திருக்கிறாள். மூன்று வருஷம் என் வாசற்படியில் நின்றது முட்டை எண்ணத்தான் என்று நினைத்திருந்தேன்.

எல்லாம் எழுதிக்கொண்டார்கள். வராந்தா வகுப்பு எடுத்தாயிற்று. தட்டைக் கலக்கச் சொல்லியாயிற்று. பெரிய தெருவில் கொஞ்சம் கத்தினார்கள், அதிகாரி போலீசைக் காட்டி மிரட்டியதும் அடங்கிவிட்டார்கள். காலனிப் பிள்ளைகள் இப்போது உள்ளே உட்காருகின்றன. பதின்மூன்று பேர். பதினான்காவது இல்லை.

பேருந்து நிலையத்தில் ஒருநாள் பார்த்தேன். கழுத்து முழுக்கப் பாசிமணியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு பெண்ணிடம் பேரம் பேசி, மீதிச் சில்லறையைப் பார்க்காமலேயே எண்ணிக் கொடுக்கிறாள். என்னைப் பார்த்தாள். "பாசி வேணுமா சாமி?" என்றாள்.

சாமி என்கிறாள் என்னை.

எனக்கு அன்று இரவெல்லாம் தாங்கவில்லை. வருகிறேன் என்று மற்ற பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பிவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை நானே காலனிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, சத்தியமாக நானாகத்தான் போனேன். எப்படியாவது அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் மனசில்.

நதியா சண்டை போடுவாள் என்று பயந்துகொண்டே போனேன். போடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கதவுக்குப் பக்கத்தில் சிம்லா நின்றாள். யூனிஃபார்ம் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்மைப் போட்டு அழுக்காக்கினால் திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்று தோன்றியது. தலையைக்கூட எண்ணெய் வைத்து வாரிப் பின்னியிருந்தாள்.

"சிம்லாவ அனுப்பு நதியா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. உள்ளதான் உக்காருறாங்க."

"தெரியும். மத்த புள்ளைங்க சொல்லுச்சுங்க."

"அப்புறம் என்ன?"

"அவதான் போக மாட்டேங்குறா. ஆர்டரு போட்டதால உக்கார வெக்கறாங்கன்னு சொல்றா. நான் ஒண்ணு சொன்னேன் அவகிட்ட. ஆயா ஒருநாள் வரும், நம்மளத் தேடி வரும், அன்னிக்குப் பாப்போம்னு. நீங்க வந்துட்டீங்க."

உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். புது டம்ளர், கடை ஸ்டிக்கர்கூடப் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க ஆயா. நீங்க குடிச்சீங்கன்னா நாளைக்குக் காலையில மொத மணிக்கு அவ அங்க இருப்பா. அவளே சொன்னா."

சிம்லா டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஊருக்கே தெரியும். "எனக்குச் சக்கர இருக்கு நதியா" என்றேன். அவள் முகம் மாறவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. வேறு டீ போட்டுக் கொண்டுவந்தாள். "சக்கர போடல" என்றாள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் வைத்தாள். நல்ல டீதான், வாசனையிலேயே தெரிந்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பற்றி, டவுன் விடுதியைப் பற்றி, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. டீயில் ஏடு கட்டிவிட்டது. நதியா அதை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தாள். "வயிறும் சரியில்ல" என்றேன்.

அப்போது சிம்லா வந்தாள். அந்த டம்ளரை எடுத்தாள். நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டாள். சர்க்கரை இல்லாத டீ, ஆறிப்போனது. முகம்கூடச் சுளிக்கவில்லை. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

"இருட்டறதுக்குள்ள போயிட்டு வாங்க" என்றாள் நதியா. அவ்வளவுதான்.

இப்போது சொல்லுங்கள் அம்மா. ஒரு டம்ளர் டீ. அதற்காக ஒருத்தி தன் மகள் படிப்பைக் கெடுப்பாளா? நான் அவள் வீடு தேடிப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதெல்லாம் கணக்கில் இல்லை, டீதான் கணக்கு. படிப்பறிவு இல்லாத சனம் என்று சொன்னால் கோபப்படுகிறார்கள்.

நீங்கள் புதுசு. உங்கள் மேல் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் ஒரு நடை போய்க் கூப்பிட்டால் அனுப்பினாலும் அனுப்புவாள். கெட்டிக்காரப் பிள்ளை, வீணாகிவிடக் கூடாது. போனால் கட்டாயம் டீ கொடுப்பாள். சர்க்கரை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், போடாமல் கொண்டுவந்துவிடுவாள். வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.